மூன்றில் ஒன்று

"...மூணு சர்வர் கம்ப்யூட்டர்ல ரெண்டுக்குப் புது சாஃப்ட்வேர் போட்டாச்சு அண்ணி, ஒண்ணுல இன்னும் பழசு. மூணும் சேர்ந்து ஓடிக்கினுதான் கீது, ஆனா எனக்குப் பயமா கீது" என்றாள், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த பெண்.

தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயில். இருவருக்கும் ஒரே இடம்தான் கிடைத்தது. மாலூர் வரை இவள் உட்காருவது, பிறகு அண்ணி என்று பேச்சு; அதுவரை அண்ணி பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார். அண்ணிக்கு ஆண்டர்சன்பேட்டையில் துணிக்கடை. சரக்கு எடுக்கக் கிளம்பியிருந்தார்.

"ஓடுதுல்ல, அப்புறம் இன்னா பயம்?"

"புதுசுல ஒண்ணுக்குத் தப்பான எடிஷன் போட்டுட்டேன் போல. கடைசி கமாண்ட் குடுத்து முடின்றாங்க ஆபீஸ்ல. குடுத்துட்டா பழசுக்குத் திரும்ப முடியாது. இது ஆஸ்பத்திரியோடது. நின்னுபோச்சுன்னா டோக்கன் வராது, நோயாளிங்க வாசல்லயே கெடப்பாங்க."

"எடிஷன்னா?"

"ஒரே சட்டதான். ஒண்ணுல பாக்கெட் கம்மி."

"மடிச்சி வெச்சா எல்லாம் ஒண்ணாதான் தெரியும். பிரிச்சிப் பாத்தியா?"

"பிரிக்கணும்னா அத வெளிய எடுக்கணும். அதுவரைக்கும் ரெண்டுதான் வேல செய்யும்."

"செய்யட்டுமே. முதல்ல எத்தன வேணும், ரெண்டா மூணா?"

"ரெண்டு போதும். ஒண்ணு மாத்தாளு."

"போதும்னா எடுத்துப் பாரு. எனக்கு ஒண்ணும் புரில கண்ணு, கால்தான் வலிக்குது."

அவள் அண்ணியின் காலைப் பார்த்தாள். போனை எடுத்து, "சார், கடைசி கமாண்ட் இப்ப வேணாம், அந்தச் சந்தேகமான ஒண்ண வெளிய எடுத்துச் சரியானதத் திரும்பப் போடறேன்" என்றாள். மாலூர் வருவதற்குள்ளேயே எழுந்து அண்ணிக்கு இடம் விட்டாள்.