செங்கேணி கேட்ட மீன்

டம். காது அடைத்துவிட்டது. என் மகளை அடியில் அமுக்கிக்கொண்டு மணலில் குப்புற விழுகிறேன். தலைக்கு மேல் துணி கிழிகிற சத்தம். கடலில் தண்ணீர் பனை உயரம் எழும்புகிறது. டம். இன்னொன்று.

"பட்த்துக்க! எய்ந்துக்காத, பட்த்துக்க!" யாரோ கத்துகிறார்கள். நான் எழுந்துவிட்டேன். கடலில் என் புருஷன் இருக்கிறார்.

எங்கள் குப்பம் காத்திவாக்கம். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, யுத்த காலம். சுட்டது ஜப்பான்காரன் இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மைக் காப்பாற்ற வந்த வெள்ளைக்காரப் பட்டாளம்தான். கரையில் பீரங்கியை நிறுத்திக் கடலைப் பார்த்துச் சுட்டுப் பழகினார்கள். அப்போது சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். கொடி இறங்கும்வரை கடலில் இறங்கக் கூடாது. பாதி நாள் கொடிதான் பறந்தது. வலை காய்ந்தது. வயிறும் காய்ந்தது. ரேஷன் அரிசியில் புழு.

ஆனால் குண்டு விழுந்த இடத்தில் மீன் செத்து மிதக்கும். வலை வேண்டாம், கையால் அள்ளலாம். இதைக் கண்டபிறகு எங்கள் ஆண்கள் கொடியை மதிக்கவில்லை. சத்தம் நிற்கும், பட்டாளத்தான் டீ குடிக்கப் போவான், அந்த நேரம் பார்த்துக் கட்டுமரம் தள்ளுவார்கள். பீரங்கி வெடித்தால் ஊரெல்லாம் வீட்டுக்குள் ஓடும். நாங்கள் மட்டும் கடலுக்கு ஓடினோம். என்ன பிழைப்பு இது!

என் மகள் செங்கேணிக்கு ஏழு வயது. முந்தின தடவை ஒரு வவ்வால் மீன் கிடைத்தது. அதிலிருந்து அதே நினைப்பு. அன்று காலை கஞ்சியைத் தள்ளிவிட்டாள்.

"நைனா, இன்னிக்கும் டமால்னு சுடட்டும் நைனா. நெறிய சுடட்டும். நான் வவ்வா மீனு துன்னணும்."

அவர் சிரித்தார். "சுட்டா மொத மீனு உனுக்குத்தாம்மே."

சுட்டார்கள். நின்றது. அவரும் என் கொழுந்தன் எட்டியப்பனும் கட்டுமரத்தைத் தள்ளினார்கள். கொடி இறங்கவில்லை. செங்கேணி அலையோரம் குதிக்கிறாள். அவர் குனிந்து குனிந்து அள்ளுவது கரைக்குத் தெரிகிறது. வெள்ளையாக ஒன்றைத் தூக்கி மகளுக்குக் காட்டுகிறார். மறுபடி சுட்டார்கள். அன்றைக்கு ஏன் சீக்கிரம் தொடங்கினார்கள்? பாழாய்ப் போகிறவர்கள், ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை.

"கரைக்கு வா! வந்துடுய்யா!" கத்துகிறோம். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்.

புகை அடங்கியது. மரம் கட்டை கட்டையாகப் பிரிந்து வந்தது. எட்டியப்பன் மறுநாள் பிணமாகக் கரை ஒதுங்கினான். முகம் இல்லை. அரைஞாண் கயிற்றை வைத்து அடையாளம் சொன்னோம். அவர் வரவே இல்லை. அலை மீனைத்தான் கொண்டுவந்து கொட்டியது. கரையெல்லாம் மீன். யாரும் தொடவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பொழுது சாய்வதற்குள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாத்தனார் பாக்கியம் ஒரு மீனோடு வந்தாள். பிள்ளையின் தாடையைப் பிடித்தாள். "உன் வாயிதாண்டி எங்கண்ணன துன்ட்ச்சி! சுடட்டும் சுடட்டும்னு கேட்டியே, இந்தா, துன்னு!" நான் பிடுங்குவதற்குள் பச்சை மீனை வாயில் திணித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு செங்கேணி வாயைத் திறக்கவில்லை. பேச்சில்லை. சோறில்லை. பல்லைக் கடித்துக்கொள்வாள். ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழியும். ராயபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். பெண்ணை ஏன் பட்டினி போட்டாய் என்று டாக்டர் என்னைத் திட்டினார். கடைசியில் ஒரே ஒரு தடவை பேசினாள்.

"எம்மா, நான் சும்மாதாம்மா கேட்டேன்."

மழைக்காலம் வருவதற்குள் போய்விட்டாள்.

கணக்கு இதுதான். என் புருஷன். பெயரை என் வாயால் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்: ஏழுமலை. கொழுந்தன் எட்டியப்பன், அவனுக்குப் பெண் பார்த்து வைத்திருந்தோம். மகள் செங்கேணி. ஒரு கட்டுமரம், இரண்டு துடுப்பு. யுத்தத்தில் செத்தவர்கள் என்று சொல்கிறார்களே, அந்தக் கணக்கில் இவர்கள் ஒருவரும் இல்லை.