நீலம் வரும் முன்

அந்த இரும்புத் துண்டைக் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறீர்கள். வையுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, அதற்குத் தோதான கனம்தான். எனக்குள்ள ஆச்சரியம் வேறு. அதில் துருவே இல்லை. சாரல் காலத்தில் நம்ம தென்காசிக் காற்றை ஊசிகூடத் தாங்காது. என் மாமனார் ஆனி மாதம் குற்றாலத்தில் குளித்துவிட்டுத் துண்டை உதறிக் கட்டுவதற்குள், அவர் இடுப்பிலிருந்த பெட்டிச் சாவியைத் துரு தின்று பல்குத்தும் குச்சியாக்கிவிட்டது. பெட்டியை உடைக்க ஆள் கூட்டி வந்தோம். பெட்டியும் அதே துருதான். ஆளைப் பார்த்ததும் தானே திறந்துகொண்டது.

நான் வந்த காரியம் உங்களுக்குத் தெரியும். என் வீட்டுப் பின்னறையின் வாசல் நிலையை, நல்ல தேக்கு நிலையை, ஹபீபுல்லா என்கிறவர் பட்டப்பகலில் கடப்பாரையால் பெயர்த்துவிட்டார். பெயர்த்து, என் சிநேகிதன் மூசாவை நாற்காலியோடு வெளியே உருட்டிக்கொண்டு போய்விட்டார். நிலைக்கு யார் பொறுப்பு என்று கேட்கத்தான் வந்தேன். நீங்கள் நிலையை விட்டுவிட்டு இந்தத் துண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்லுகிறேன். கேட்கிறவர் கிடைப்பது அபூர்வம். நீங்கள் நடுவில் எழுந்து போகவும் முடியாது, உத்தியோகம் அப்படி.

என் பெயர் வல்லிநாயகம். ரயில்வே பணிமனையில் எஃகுக்குச் சூடு காட்டும் பிரிவில் இருந்து ஐம்பத்தைந்தாம் வருஷம் ஓய்வு பெற்றவன். உலை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, மூக்கு மயிர் பொசுங்கும் வாசனையை வைத்தே என்ன சூடு என்று சொல்லுவேன். வெள்ளைக்காரத் துரை சூடு அளக்கும் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் மூக்கைத்தான் கூப்பிடுவார். ஓய்வுக்குப் பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை போட்டேன். கார், பஸ்களுக்கு அடியில் குலுக்கலைத் தாங்கும் எஃகு வில் கட்டும் பட்டறை.

பட்டறை ஒரு சாக்கு. எனக்கு வேண்டியது பேச ஓர் ஆள். என் வீட்டம்மா மூக்கம்மாள் என் கதை ஒன்றையும் முழுதாகக் கேட்டதில்லை. மோட்சம் போனதே ஒரு கதையின் பாதியில்தான். மூசா அப்படி இல்லை. ரயிலடியில் இருந்து குற்றாலத்துக்கு வாடகைக் கார் ஓட்டினவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் என் பட்டறைப் பெஞ்சில்தான் இருப்பான். கதை கேட்க உலகத்தில் ஆயிரம் பேர் உண்டு. எந்த இடத்தில் கேள்வி கேட்க வேண்டும் என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஒரு நாள் சொன்னேன்: சித்திரை வெயிலில் தண்டவாளம் நீண்டு, தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே அரை மைல் கூடிவிடுகிறது, அதற்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கச் சொல்லி நான் மனுப் போட்டிருக்கிறேன் என்று. மற்றவன் என்றால் சிரித்துவிட்டுப் போவான். மூசா யோசித்தான்.

“அப்போ அடமழையில சுருங்கிப் போவுமே அண்ணாச்சி. பாதி சார்ஜ் குடுத்தாப் போதுமா?”

“ஏலே, பாதி சார்ஜ் குடுத்தவன் பாதி வண்டியிலதாம்லே உக்காரணும்.”

“எந்தப் பாதின்னு சொல்லிருங்க. இஞ்சின் பக்கம்னா நான் நடந்தே போயிருதேன்.”

இப்படி ஒருவன் இருந்தால் மனிதனுக்கு வேறு என்ன வேண்டும், சொல்லுங்கள்.

அறுபதாம் வருஷம் சீசன் நடுவில் மூசா அல்வாப் பொட்டலத்தோடு வந்தான். குவைத்தில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் டிரைவர் வேலையாம். ஆடி கழிந்ததும் பம்பாய், அங்கிருந்து கப்பல். அவன் பெண்டாட்டி சைதூன் பீவி வடகரையில் தாய் வீட்டில் இருப்பாள். நாலு வருஷம் கழித்து வந்து சொந்தமாக ஒரு வீடு கட்டுவான். வாய் ஓயாமல் சொன்னான். அல்வா நன்றாக இருந்தது. நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

“அங்கன போயி யாருகிட்டலே கத கேப்ப?”

“அங்கன ஏது அண்ணாச்சி கத. மணலுதான்.”

பாருங்கள், அவனுக்கே தெரிந்திருக்கிறது. ஒருவன் தனக்குக் கெடுதல் என்று தெரிந்தே ஒன்றைச் செய்யப் போகும்போது, பெரியவர்கள் சும்மா இருக்கலாமா.

போவதற்கு முன்னால் காரை விற்க வேண்டும். முன்பக்கத்து வில் தொய்ந்திருந்தது. “வாங்குதவன் நம்ம பேரச் சொல்லணும் அண்ணாச்சி, மெயின் பட்டைய புதுசாப் போட்டுக் குடுங்க” என்று கொண்டுவந்து நிறுத்தினான். மெயின் பட்டை என்பது வில்கட்டில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் நீளப் பட்டை. அச்சைப் பிடித்துவைப்பது அதுதான்.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மனிதனுக்குப் பிறவிக் குணம் உண்டு. எஃகுக்கு நாம் கொடுப்பதுதான் குணம். பட்டையைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் அது கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கடினம், ஆனால் அடி தாங்காது. அந்த விறைப்பைக் குறைக்க மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய முகத்தில் நிறம் ஓடி வரும். முதலில் வைக்கோல் நிறம். பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் மயில் கழுத்து நீலம். வைக்கோலில் எடுத்தால் சவரக்கத்திக்கு ஆகும், குழியில் விழுந்தால் முறியும். நீலத்தில் எடுத்தால்தான் வில்; எத்தனை குழியில் விழுந்தாலும் வளைந்து நிமிரும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்.

நிறத்தைக் கண்தான் சொல்ல வேண்டும், கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும். அதனால் சாரல் இறங்கி மேகம் மூடிய நாளில் எங்கள் பக்கத்துப் பட்டறை எதிலும் வில்லுக்குச் சூடு காட்ட மாட்டார்கள். கத்தி அடிப்பார்கள், ஏர்க்கொழு அடிப்பார்கள், வில்லைத் தொட மாட்டார்கள். நானும் தொட்டதில்லை. மூசாவுக்கு அவசரம் என்பதால் அந்த ஒரு தரம் தொட்டேன். மங்கலில் நிறம் ஏமாற்றிவிட்டது. அப்படித்தான் அப்போது உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். தொழில் தெரிந்த எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கார் விற்கும்வரை மூசா சவாரி ஓட்டினான்; ஐந்தருவியில் இருந்து இறங்கும் வளைவில் பட்டை உடைந்தது. அச்சு விலகி, கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. மூசாவுக்கு இடுப்புக்குக் கீழே போய்விட்டது. பின் சீட்டில் புளியங்குடி எலுமிச்சங்காய்க் கமிஷன் கடைக்காரர் ஒருவர் இருந்தாராம். அவர் பிழைக்கவில்லை. எனக்கு அவரைப் பழக்கம் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை ஊரே சொல்லும். ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலை விட்டு நான் நகரவில்லை. அவனையும் சைதூனையும் என் வீட்டுப் பின்னறையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். உடன்பிறந்தவர்கள்கூடச் செய்யாததை வல்லிநாயகம் செய்கிறான் என்று பள்ளிவாசலில் பேசிக்கொண்டார்கள். அவனைத் தூக்கக் கூடாது, அசைத்தால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். டாக்டர் சொன்னது வேறு. காற்றாட வெளியே கொண்டுபோகச் சொன்னார். ஆனால் டாக்டர்களுக்குச் சாரல் காற்றைப் பற்றி என்ன தெரியும்.

சக்கர நாற்காலி நானே செய்தேன். அப்படி ஒரு நாற்காலி லண்டனில் கிடையாது. சக்கரத்துக்கு ரயில் பெட்டிப் பேரிங். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். அறைக்குள்ளேயே வைத்துப் பழுக்கக் காய்ச்சி ரிவிட் அடித்தேன். போல்ட் போட்டால் எவனாவது கழற்றிவிடுவான். ரிவிட் ஆயுளுக்கும் நிற்கும். ஒரே ஒரு சின்னக் குறை. நாற்காலி வாசலைவிட நாலு விரல்கடை அகலமாகிவிட்டது.

“அண்ணாச்சி, கொஞ்சம் குறுக்கிக் குடுங்களேன். பெருநாளைக்காவது அவுகள வெளிய கூட்டிட்டுப் போவேன்ல” என்று சைதூன் ஒவ்வொரு வருஷமும் கேட்பாள்.

“செஞ்சுருவோம்ட்டி, கையில வேல கெடக்கு” என்பேன். வேலை எப்போதும் கிடந்தது.

மூசா கேட்கவில்லை. முதல் வருஷம் பேசவே இல்லை. ஒரு நாள் உடைந்த பட்டை எங்கே என்று விசாரித்தான். விபத்து முடிந்த கையோடு அதை நான் கிணற்றில் போட்டிருக்கலாம். போட நினைத்துத் தேடியபோது காணோம். பழைய இரும்பு பொறுக்கும் ஆக்கர்க்காரன் எடுத்திருப்பான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் அவனாகவே வழிக்கு வந்தான். தினம் சாயங்காலம் நான் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்ததும் கேட்பான்.

“அண்ணாச்சி, அந்த வில்லு கதயச் சொல்லுங்க.”

தண்டவாளக் கதை, மூக்குக் கதை எதுவும் வேண்டாம். அது ஒன்றுதான். நானும் சொன்னேன். கேட்கிறவன் பிரியப்படும்போது இல்லை என்பதா. முதல் தரம் மேகம் மலையிலிருந்து பட்டறை வாசல்வரை வந்தது. அடுத்த வருஷம் உள்ளே வந்தது. அதற்கடுத்த வருஷம் பட்டடைக் கல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் அதைத் தள்ளிவிட்டுத்தான் சுத்தியலைத் தேட வேண்டியிருந்தது. பிறகு குற்றாலத்துக் குரங்குகள் குளிர் தாங்காமல் உலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து டீ கேட்டன. மூசா சிரிக்க மாட்டான். சரியான இடத்தில் கேள்வி மட்டும் கேட்பான்.

“அப்போ நெறம் எப்படித் தெரிஞ்சுது?”

“தெரியலையேலே. நீலம்னு நெனச்சுத்தான் எடுத்தேன்.”

“நெனச்சதா, பாத்ததா அண்ணாச்சி?”

எவ்வளவு நல்ல கேள்வி பாருங்கள். கால் போனாலும் கேட்கிற காது போகவில்லை.

ஆறு வருஷம் ஒரே கதை. என்னைப் போன்றவனுக்கு அது எவ்வளவு இக்கட்டு என்று உங்களுக்குப் புரியாது. அந்த அறையில் அடைபட்டுக் கிடந்தது அவன் என்று ஊர் நினைக்கிறது. தினமும் அதே இடத்துக்குப் போய் மாட்டிக்கொண்டது நான். மேகத்தை இனி எங்கே ஏற்றுவது. குரங்குக்கு டீக்கு மேல் என்ன கொடுப்பது. கதையை வளர்க்காமல் நேற்றுச் சொன்னபடியே இன்றும் சொல்லுவதைவிட எனக்கு அவமானம் கிடையாது. புதிதாகச் சேர்க்க மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான், உண்மை.

போன மாதம் மூசா வழக்கம்போலக் கேட்டான். “எந்த நெறத்துல எடுத்தீங்க அண்ணாச்சி?”

“வைக்கோல்தாம்லே” என்றேன். “மேகமாவது ஒண்ணாவது. அன்னைக்கு வெயிலு சுள்ளுனு அடிச்சுது. கண்ண நல்லாத் தொறந்து பாத்துத்தான் எடுத்தேன்.”

மூசா சிரித்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவை. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் கொட்ட, நாற்காலிச் சக்கரமே ஆடும்படி சிரித்தான். சிரிப்பு என்றுதான் நினைத்தேன். அடுக்களை வாசலில் சைதூன் சோற்றுப் பானையைச் சாய்த்தபடியே நின்றுவிட்டாள். கஞ்சி காலில் கொட்டியும் அவள் நகரவில்லை. கதை அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

கொழும்புக் கடையில் இருந்த அவள் தம்பி ஹபீபுல்லாவுக்கு ஆள் போனது எனக்குத் தெரியாது. நேற்று வந்துவிட்டார், கடப்பாரையோடு.

ஆமாம் ஐயா, பட்டைக்குச் சூடு காட்டிய அன்று சாரலே இல்லை. தெரிந்துதான் எடுத்தேன். அந்தப் பட்டை குழி இல்லாத ரோட்டில் பத்து நாள் தாங்கும், மலை இறக்கத்தில் தாங்காது என்பதும் தெரியும். எந்த வளைவில் போகும் என்றுகூட ஓர் ஊகம் இருந்தது. இரண்டு மரம் தள்ளிப் போய்விட்டது. மூசா கப்பல் ஏறக் கூடாது, அவ்வளவுதான். ஒரு கால் போதும் என்றுதான் இருந்தேன். அந்தப் புளியங்குடிக்காரர் பெயரை நீங்கள் இரண்டு தரம் சொல்லிவிட்டீர்கள்; மன்னிக்க வேண்டும், மனசில் நிற்கவில்லை.

இப்போது மூசா உங்களுக்குக் கொடுத்தனுப்பிய அந்தத் துண்டைக் கொஞ்சம் கொடுங்கள். உடைந்த முகத்தைப் பாருங்கள், சீனி மாதிரி மின்னுகிறதல்லவா. உழைத்துத் தேய்ந்து உடைந்த எஃகு சாம்பல் நிறமாக நார் நாராக இருக்கும். விறைப்போடு உடைந்தது இப்படி மின்னும். இதைப் படிக்க மூசாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஆஸ்பத்திரியில் இருந்த நாளிலேயே சைதூன் இதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாளாம். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேதான் எங்கே என்று என்னிடம் விசாரித்திருக்கிறான்; ஒரு நாள் தவறாமல் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறான். ஆறு சீசன் போயும் ஒரு பொட்டுத் துரு இல்லை. நீங்கள் என்னவோ இதை வேறு மாதிரி எழுதிக்கொள்கிறீர்கள். என் கை பட்ட இரும்பை வேறு யார் இவ்வளவு பிரியமாக வைத்திருப்பார்கள்.

கோர்ட்டில் சாட்சி சொல்ல அவனை அழைத்து வருவீர்கள் அல்லவா. கூண்டுக்கு நேர் எதிரே அவன் நாற்காலியைப் போடச் சொல்லுங்கள். கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லுவார்கள். எந்த இடத்தில் கேள்வி கேட்க வேண்டும் என்று வக்கீல்களுக்கு என்ன தெரியும்.