நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க

சோமனூரிலிருந்து கோவை செல்லும் பேருந்தில், கழுத்துப்பட்டை அணிந்த முன்னாள் ராணுவ வீரருக்கு அவருடைய மனைவி விடுத்த எச்சரிக்கை என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"ஏனுங்க, டாக்டரு கேட்டா நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க!"

"போன தடவ மரியாதைக்குச் சொன்னேன் அம்மணி."

"அதைய நம்பித்தான் கழுத்து சரியாயிருச்சுன்னு எழுதி, டிசபிலிட்டி பென்சன் மனுவத் தள்ளுபடி பண்ணிப்போட்டாங்க. லாரி கவுந்தது பட்டாளத்துல, வலி மட்டும் ஊட்டுக்கு வந்துருச்சு!"

"இன்னைக்கு வலிக்குதுன்னே சொல்றேன், போதுமா?"

மருத்துவமனை நிறுத்தம் வந்தது. எல்லையைக் காத்தவரைக் கைபிடித்து இறக்கிவிட்ட நடத்துநர் பரிவோடு வினவினார்.

"கழுத்து எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குதுங்க தம்பி!"

மனைவி சிரித்தபடியே அவர் கையிலிருந்த மருத்துவக் கோப்பைப் பறித்துக்கொண்டார்.

"உள்ள நானும் வாரேன். நீங்க வணக்கம் சொல்றதோட நிறுத்திக்குங்க. கழுத்தப் பத்தி நான் பேசிக்கறேன்."