நிறுத்தி வச்ச சீரியல்

— பட்டப்பகல்ல கடை ஷட்டர பாதி இறக்கி விட்டுட்டு உள்ள உக்காந்து அழறீங்க. என்னன்னு சொல்லுங்க. டாக்டர் ஏதாவது சொன்னாரா?

— டாக்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஃப்ரிட்ஜ் கேஸ் கண்ணுல பட்டுடுச்சு, விடு.

— இத்தன வருஷம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவருக்கு இப்பத்தான் கேஸ் கண்ணுல படுதாக்கும்! சொல்லித் தொலைங்க.

— அட, அதாவது... இந்த டிவியில, நெட்டுல வர்ற ஒரு சீரியல்.

— சீரியலா? அப்பாடா, வயித்துல பால வார்த்தீங்க! ஏதோ பெரிய நோய்னே முடிவு பண்ணிட்டேன். என்ன, மாமியார் மருமக சண்டையா?

— சிரிக்காத. அதாவது, ஒலகமே அழிஞ்சு போயிடுது. கரண்டு இல்ல, தெருவுல ஆளில்ல. ஒருத்தன் மட்டும் மகளத் தேடி நடக்கறான். வீடு வீடா கதவத் தெறந்து கூப்பிட்டுப் பாக்கறான்.

— அதுக்கா அழுதீங்க?

— அவனுக்குக் கால்ல செருப்புகூட இல்லடி. நடக்கறான். நம்ம பொண்ணு ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளித் தனியா இருக்கா. எனக்கு வண்டி இருக்கு, பெட்ரோல் இருக்கு. ஒரு வருஷமா போகல.

— நீங்கதான சொன்னீங்க, 'எங்கிட்ட தொழில் கத்துக்கிட்டு போட்டிக் கடைக்கு வேலைக்குப் போனவ என் மகளே இல்ல'ன்னு?

— சொன்னேன். வாய்க்கொழுப்பு. அவ இல்லாம இந்தக் கடையில நிக்கவே முடியல.

— அம்மாடி, இந்த ஒரு வார்த்தைக்குத்தான் தவம் கெடந்தேன். சரி, அவனுக்குப் பொண்ணு கெடச்சாளா?

— தெரியாது. கடைசி வீட்டுக் கதவுல கை வச்சான், அங்கயே நிறுத்திட்டேன். மூணு நாளா மேற்கொண்டு பாக்கத் தைரியம் வரல. உள்ள அவ இல்லன்னா?

— நல்ல ஆளு போங்க! இருங்க, நம்ம பொண்ணுக்கு போன் போடறேன். ஸ்பீக்கர்ல.

— ஏய், வேண்டாம்... எம்மேல கோவமா இருப்பா. பேச மாட்டா.

— ஹலோ, அம்மா? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லயே?

— ஏன்டி, எடுத்ததும் அப்படிக் கேக்கற?

— கடை டிவியில நான் போட்டு வச்ச என் கணக்குலதானம்மா அவர் சீரியல் பாக்கறாரு. எதுவரைக்கும் பாத்தாருன்னு இங்க என் போன்ல தெரியும். மூணு நாளா அந்தக் கடைசிக் கதவுலயே நிக்குது, நகரவே இல்ல, பதறிப் போயிட்டேன். தெனமும் அவர் எங்க நிறுத்தறாரோ அங்கதான் நானும் நிறுத்துவேன். தனியா பாக்க பயமா இருந்தா நான் வர்றேன்னு சொல்லும்மா.