நத்தார் கேக்கும் நடிகர் கிளின்ரனும்

இன்ஸ்பெக்டர் சேர், அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிட முடியுமா? எனக்குப் பீனிசம். மற்றபடி அறை நன்றாகவே இருக்கிறது. நீங்கள் தமிழில் விசாரிப்பதும் பெரிய உதவி. என் சிங்களம் பேலியகொடைச் சந்தையில் மீன் வாங்க மட்டும்தான் காணும்.

நடிகர் கிளின்ரன் என் மனைவி இமெல்டாவின் தம்பி. கொட்டாஞ்சேனையில் எங்களோடுதான் இருந்தான். அவனுக்குப் பட வாய்ப்புத் தேடியது, பேட்டி ஒழுங்கு செய்தது, சட்டை தெரிவு செய்தது எல்லாம் நான். மச்சான் என்றாலும் பிள்ளையைப் போலத்தான் பார்த்தேன்.

ஆரம்பத்தில் அவன் நடிப்பு சுமார். எத்தனையோ படத்தில் தலைகாட்டியும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவனை நட்சத்திரமாக்கியது வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடைத் திறப்பு விழா. நாடா வெட்டப் போனவன் குடித்துவிட்டு நிறைவெறியில் கடைப் பொம்மையைக் கட்டிப்பிடித்து, இவளைத்தான் கட்டுவேன் என்று அழுதான். அந்த வீடியோவைக் கனடா வரைக்கும் பார்த்தார்கள்.

எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. மறுவாழ்வு நிலையத்தில் சேர்த்தேன். வெளியே வந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் முழங்காலில் நடக்க வைத்தேன். செல்போனை ஆடாமல் பிடித்தது நான்தான். பிறகு திருந்திய குடிகாரனாக ஒரு படம். அரங்கு நிறைந்தது. பெண்கள் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனோடு செல்ஃபி எடுத்தார்கள்.

பிரச்சினை என்னவென்றால், அவன் உண்மையாகவே திருந்திவிட்டான்.

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. காலையில் கடற்கரையில் நடந்தான். இடியப்பம் சாப்பிட்டான். நேரத்துக்குப் படுத்தான். அதைவிட மோசம், நன்றாக நடிக்கவும் தொடங்கினான். மட்டக்குளி மீனவனாக நடித்த படத்தில் நானே கண் கலங்கினேன். அன்று அரங்கில் நானும் இமெல்டாவும் ஒரு காதல் சோடியும்தான். சோடி படம் பார்க்கவில்லை.

வெள்ளவத்தையில் மேடை நிகழ்ச்சி நடத்தும் கதிர்காமநாதன் விளக்கமாகவே சொன்னார். "பிறெடி, திருந்திற கதையெண்டால் சனம் வரும். திருந்தி முடிஞ்சவனைப் பார்க்க ஆர் வருவினம்?"

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

இனி ஒரு துளி தொட்டாலும் ஈரல் தாங்காது என்று டொக்டர் எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார். வெளியே வந்ததும் கிளின்ரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், நான் கேட்டாலும் தராதேங்கோ" என்றான். அவன் ஒருநாளும் கேட்கவில்லை. அதை அவன் சார்பில் நான் சொல்லத்தான் வேண்டும்.

இமெல்டா வழக்கமாக நத்தார் கேக்குக்குப் பழங்களைப் பிராந்தியில்தான் ஊறவைப்பாள். போன நத்தாருக்குத் தம்பிக்காகத் தோடம்பழச் சாற்றில் ஊறவைத்தாள். கேக்கைத் தகரப் பேணியில் வைத்து மூடிய பிறகு, அவள் பூசைக்குப் போகும் நேரங்களில் நான் ஊசியால் துளையிட்டு, கரண்டி கரண்டியாகப் பிராந்தி பருக்கினேன். எங்கள் வீடுகளில் கேக்குக்குப் பருக்குவது வழக்கம்தானே. அளவு கொஞ்சம் கூட.

நத்தார் மத்தியானம் முதல் துண்டில் அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அத்தான், அக்கா இதில ஏதும் ஊத்தினவவோ?"

"சீ, அது எசன்ஸ். சாப்பிடு."

நான் சொன்னால் அவன் நம்புவான். இரண்டாவது துண்டை நான் வெட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவனே வெட்டினான்.

மறுநாள் முகத்துவாரத்தில் ஒரு பாரில் கிடந்தான். யூடியூப் சனல் நடத்தும் அனுஜனைக் கமராவோடு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லி முதலே அறிவித்திருந்தேன். என் திட்டம் ஒழுங்கானது, சேர். புதுவருடத்துக்குள் விழுவான், தவக்காலத்தில் மனந்திரும்புவான், உயிர்ப்பு ஞாயிறுக்குப் படம். அவன் உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. பொங்கலுக்கு முன்னரே இரத்தமாகச் சத்தியெடுத்துச் செத்துப்போனான். மனந்திரும்புவதற்குப் பதிவு செய்த மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தோம். உள்ளே இடமில்லாமல் சனம் தெருவில் நின்றது. அவன் பார்த்திருக்க வேண்டும்.

நத்தாரன்று சமையலறையில் நின்றதில் கேக்கைத் தொடாத இமெல்டா, அடக்கம் முடிந்து வந்து தேத்தண்ணீரோடு மிச்சக் கேக்கைக் கடித்தபோதுதான் என்னைப் பார்த்தாள். மிச்சத்தை எண்ணெய்த்தாளில் சுற்றிக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். தம்பி போன துக்கம். நான் கோபிக்கவில்லை.

ஓம், ஊற்றியது நான்தான். ஈரல் தாங்காது என்று தெரிந்துதான் ஊற்றினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் விழ வேண்டும் என்றுதான் நினைத்தேன். சாக வேண்டும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை.

பின்னேரத்துக்குள் என்னை விட்டுவிடுவீர்கள்தானே? கிளின்ரனின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறோம். அவனாக நடிக்கப் பிரியந்தன் என்று ஒருவரைப் பிடித்திருக்கிறேன். அருமையான முகம், நல்ல குரல். ஒரு கெட்ட பழக்கமும் இல்லை. அது ஒன்றுதான் குறை. பக்கத்தில் இருந்து நான் சரிப்படுத்திவிடுவேன்.