மூன்று ஆணியை வளைத்த சுவருக்குரிய எங்கள் கலவை அக்காவுக்கு

குப்பை கண்டு கூசாத குணக்குன்றே! கலவையின் பதத்தை இயந்திரத்தின் இரைச்சலிலேயே அறியும் கைவல்லவரே! முப்பத்தோராண்டு சிமெண்டுத் தூசியில் நின்றும் சிரிப்பு மங்காமல், இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் கலவை அக்கா அவர்களே! வணக்கம்.

பால் கவரையும் நொறுக்குத்தீனி உறையையும் துண்டுதுண்டாய் நறுக்கி, மணலில் ஒரு பங்குக்குப் பதிலாய் நாம் வார்க்கும் சிமெண்டுக் கல்லில் கலக்க முதலாளி முனைந்த ஆண்டை மறப்போமா? முதல் ஈடு நானூறு கல்லும் தூக்கிய கையிலேயே உதிர்ந்தன! "இன்னொரு தடவை பார்ப்பேன். அதுவும் போச்சுன்னா பட்டறையை மூடிடுவேன்" என்றார். பதினான்கு குடும்பத்தின் அடுப்பு அந்த ஒரு சொல்லில் தொங்கியது. நாங்கள் சிமெண்டைக் குறை சொன்னோம். தண்ணீரைக் குறை சொன்னோம். பொய் சொல்வானேன், உங்களையும் சொன்னோம்.

தாங்களோ, உடைந்த கல்லிலிருந்து ஒரு துணுக்கைப் பிடுங்கித் தேய்த்து முகர்ந்தீர்கள். "ஏம்பா, கல்லு ஒட்டிக்கக் கூடாதுன்னுதானே தினமும் அச்சுக்கு எண்ணெய் பூசுறோம்? அதே பிசுக்கைக் கல்லுக்குள்ளேயே போட்டுட்டு, ஒட்டலையேன்னு முழிச்சா எப்படி?"

கழுவாத உறை! அச்சுக்கு எண்ணெய் பூசியே நரைத்த எங்களுக்கு எட்டாத உண்மை!

சோடா உப்புக் கரைத்த வெந்நீரில் மூட்டை மூட்டையாய் அலசினீர்கள். விரல் வெடித்தும் விடவில்லை. புதுக்கல் இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறியபின், பொறியாளர் அதை அழுத்தும் இயந்திரத்தில் வைத்தார். முள் ஏறியது. வேண்டிய அளவைத் தாண்டியும் முள் ஏறியதே, அம்மம்மா! "போதும் சார், விட்டுடுங்க, பாவம் அதுக்கும் வலிக்கும்ல" என்றீர்கள். சிரித்தபடியே அழுதோம்.

பட்டறை பிழைத்தது. ஆனால் "குப்பைக் கல்லு" என்று வாங்குவோர் ஒதுங்கினர். வாயால் வாதாடாமல், அந்த ஈட்டை எடுத்துத் தங்கள் வீட்டுச் சுவரையே எழுப்பிக் காட்டிய துணிவை என்னவென்போம்!

இம்மடலை மாட்ட அச்சுவரில் ஆணி அடித்து வைக்கும்படி தங்கள் கணவர், எங்கள் மாமாவிடம் கேட்டிருந்தோம். "மூணு ஆணி வளைஞ்சு போச்சு. சுவரு உங்க அக்கா மாதிரியே அசைய மாட்டேங்குது. தெம்பிருந்தா நீங்களே வந்து அடிங்க" என்று சொல்லியனுப்பிவிட்டார்.

ஆகவே மடலை மேசைமேல் சாய்த்து வையுங்கள் அக்கா. அந்தச் சுவர் நிற்கும் காலமெல்லாம் தாங்களும் நோயின்றி நிமிர்ந்து நிற்க வேண்டும்!

வியப்பு அடங்காமல்,
அந்தப் பதினான்கு அடுப்புக்காரர்கள்