பண்டிக்கறிச் சோதனை

– அப்பா! புகை அலாரம் கத்துது, அடுப்பை நிப்பாட்டுங்கோ!

– கத்தட்டும் ஜெசிகா. நீ யன்னலைத் திற. இறைச்சி நல்லா வதங்கோணும்.

– என்ன இறைச்சி?

– பண்டி.

– டானியல் முதன்முதலாச் சாப்பிட வாற நாளிலையோ? அவன் யூதன் எண்டு சொன்னனான்தானே! யூதருக்குப் பண்டி விலக்கெல்லோ!

– அதுக்குத்தான் காய்ச்சிறன். வாயாலை சொன்னாப் போதுமோ? சாப்பாட்டுக் கோப்பையிலை போட்டுப் பாப்பம், கண்டியோ.

– அவன் சாப்பிடுவான். அவன் எல்லாம் சாப்பிடுவான்.

– பாத்தியே! அப்ப பொய்க்காரன்.

– சாப்பிடாட்டி?

– சமய வெறியன். கலியாணம் முடிச்ச கையோடை உன்னையும் மாத்திப்போடுவான்.

– ஆக, எப்பிடிப் பாத்தாலும் நான் அவனைக் கட்டேலாது.

– நான் அப்பிடிச் சொல்லேல்லையே. கேக்கிறன், அவங்கடை செபக்கூடத்துக்குப் போறவனோ?

– இல்லை.

– கடவுளை நம்புறானோ?

– அதுவும் இல்லை.

– பிறகு என்னத்திலை யூதன்? ஸ்டுட்கார்ட்டிலை பிறந்து வளந்தவன், ஜெர்மன்காரன் எண்டு சொல்லிப்போட்டுப் போறதுதானே. எதையோ ஒளிக்கிறான் பிள்ளை.

– அவன்ரை அம்மா யூதர். அம்மம்மா யூதர். அது தாய்வழியாலை வாறது அப்பா.

– அது சொந்தபந்தம். நான் சமயத்தைக் கேக்கிறன்.

– அந்த அம்மம்மாவின்ரை தாய் ஞானஸ்நானம் எடுத்தவ. எங்களைப்போலை பூசைக்குப் போனவ. நாஜிகள் பிடிச்சுக்கொண்டு போகேக்கை அதைக் கேக்கேல்லை. பிள்ளையை மட்டும் ஆரோ ஒளிச்சு வைச்சதாலை தப்பினது. தாய் திரும்பி வரேல்லை.

– ஆண்டவரே... பாவம் மனிசி.

– இப்ப விளங்குதோ?

– அது கொலைகாரர் போட்ட கணக்கு. அதை ஏன் இவன் தூக்கிக்கொண்டு திரியிறான்?

– அந்தக் கொலைகாரர் வர முதலே அவன்ரை ஆக்கள் யூதர்தான். யூதக் கொண்டாட்டத்துக்கு மெழுகுதிரி கொளுத்தேக்கை அவன் அழுறதை நான் பாத்தனான்.

– நம்பிக்கை இல்லாதவனுக்கு என்ன அழுகை? எனக்கு இதுதான் பிடிபடேல்லை. சமயத்தை விட்டா மிச்சம் என்ன இருக்கு? எங்களைப் பார். கத்தோலிக்கர். கதை முடிஞ்சுது.

– உண்மையாவோ? வேறை ஒண்டும் இல்லையோ?

– ஒண்டும் இல்லை.

– அப்ப எங்கடை மலர் அக்கா கட்டக் கேட்ட ஜெரால்டை ஏன் கலைச்சனீங்கள்? அவனும் எங்கடை ஊர்தான், கத்தோலிக்கன்தான். ஞாயிறு தவறாமல் எங்கடை பூசையிலை பாட்டுப் படிச்சவன். அக்கா இண்டைக்கும் தனியத்தான் இருக்கிறா.

– உனக்கென்ன விசரே? பூசைக்கு வந்தாப்போலை, அவன் எங்கடை ஆள் ஆகேலுமோ?